கழற்றிச் சுமந்த பீரங்கியும் தோள் வாங்கிய உதையும்

வன்னியில் பேச்சில் யாரும் துப்பாக்கி என்று சொல்வதில்லை; துவக்குத்தான். பிள்ளைகள் கட்டுரை எழுதும்போது மட்டும் அது துப்பாக்கியாக மாறிவிடும். பூவரசங்குளத்துக்குப் படிப்பிக்க வந்த புதிதில் ஒன்பதாம் வகுப்புப் பெடியன் ஒருவன் கேட்டான்: "சேர், சண்டையைத் துவக்குறபடியாத்தானே அதுக்குத் துவக்கு எண்டு பேர்?" கேள்வி அருமையானது. விடைதான் வேறு.

சொல் துருக்கியிலிருந்து வந்தது. துருக்கியர் துஃபெக் என்றார்கள். பாரசீகத்தில் அது துஃபங். தெலுங்கிலும் கன்னடத்திலும் துபாகி, தமிழில் துப்பாக்கி, சிங்களத்தில் துவக்குவ, எங்கட வாயில் துவக்கு. பீரங்கி என்ற சொல்லோ எதிர்த்திசையிலிருந்து வந்தது. ஃபிராங்கு என்ற ஐரோப்பியப் பெயரை அரபிகளும் பாரசீகரும் ஃபரங்கி ஆக்க, அது தமிழில் பறங்கியாகவும் பீரங்கியாகவும் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ஆளைக் குறித்தது, மற்றது ஆள் கொண்டுவந்த சாமானைக் குறித்தது. ஆக, கைத்துவக்குக்குத் துருக்கிப் பெயர், பெரிய குழலுக்குப் பறங்கிப் பெயர். இந்து சமுத்திரத்தில் வெடிமருந்து எந்த இரண்டு வழியால் வந்தது என்பதை இந்த இரண்டு சொற்களுமே காட்டிக்கொடுக்கின்றன.

எங்கள் மேடைகளில் இந்தச் சங்கதி அடிக்கடி வேறு விதமாகப் பேசப்படுகிறது. பீரங்கியைக் கண்டுபிடித்ததே நாங்கள்தான் என்று மீலாத் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெடிமருந்து சீனருடையது. அதன் பிரதான சரக்கான வெடியுப்பைச் சுத்தம் செய்யும் முறையை 13ஆம் நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த ஹஸன் அர்ரம்மாஹ் தெளிவாக எழுதிவைத்தார். அதுவே பெரிய காரியம்; அதற்கு மேல் ஏற்றிச் சொல்லத் தேவையில்லை. யார் முதலில் என்ற போட்டியை விட்டுவிட்டு வேறொரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தால், உண்மையிலேயே எங்களுடைய ஆட்களின் பங்கு பளிச்சென்று தெரியவருகிறது. இந்தப் பாரத்தை யார், எப்படிச் சுமந்தார்கள்? சுட்டதும் அது உதைக்கும் உதையை எது வாங்கியது? துவக்கினதும் பீரங்கியினதும் வடிவத்தை ஐந்நூறு வருடமாகத் தீர்மானித்தவை இந்த இரண்டு தொல்லைகள்தாம். அரசர்கள் அதற்குப் பிறகுதான்.

உதையைப் பற்றி முதலில் ஒரு சின்னக் கணக்கு. 30 கிராம் ஈயக் குண்டு செக்கனுக்கு 300 மீற்றர் வேகத்தில் முன்னே போகிறது என்று வைப்போம். துவக்கின் பாரம் 5 கிலோ என்றால் அது செக்கனுக்கு 1.8 மீற்றர் வேகத்தில் பின்னே வரும். பாரம் 9 கிலோ என்றால் வேகம் 1 மீற்றர்தான்; தோளுக்கு வந்து சேரும் சக்தியும் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெடிமருந்தின் புகையும் ஒரு தள்ளுத் தள்ளும். அதை இங்கே சேர்க்கவில்லை. விஷயம் இதுதான்: உதையைக் குறைக்க ஆகச் சுலபமான வழி பாரத்தைக் கூட்டுவது. பாரத்தைக் கூட்டினால் சுமக்க முடியாது. சுமப்பதற்காகக் குறைத்தால் தோள் கழன்று போகும். இந்த இழுபறியிலிருந்து தப்ப இரண்டு வழிகள் இருந்தன. சாமானைத் துண்டாகக் கழற்றிக் கொண்டுபோய் வேண்டிய இடத்தில் பூட்டுவது ஒன்று. உதையை உடம்புக்கு அனுப்பாமல் மண்ணுக்கோ மரத்துக்கோ மிருகத்துக்கோ அனுப்புவது மற்றது.

கழற்றும் பீரங்கி என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது உதுமானியரின் ஒரு பெரும் வெண்கலக் குழல். சுல்தான் இரண்டாம் முஹம்மது கொன்ஸ்தாந்திநோபிளை வென்று பதினொரு வருடம் கழித்து, 1464இல், முனீர் அலி என்ற வார்ப்பு உஸ்தாது அதைச் செய்தார். நீளம் 5 மீற்றருக்கு மேல், பாரம் ஏறக்குறைய 17 தொன். குண்டு போகும் முன்பாகம் ஒன்று, மருந்து அடைக்கும் பின்பாகம் ஒன்று. இரண்டையும் இணைப்பது திருகு; அதுவும் வெண்கலத்திலேயே வார்த்த, ஆள்பருமனுக்குக் கிட்டிய திருகு. விளிம்பைச் சுற்றிக் குழிகள் விட்டிருக்கிறார்கள். அவற்றில் நெம்புதடிகளைச் செருகிப் பலர் சேர்ந்து சுற்றினால் திருகு இறுகும், அல்லது கழரும். சூடேறிய வெண்கலத் திருகு லேசில் திரும்பாது. ஆகவே ஒவ்வொரு வெடிக்கும் கழற்றிப் பூட்டியிருக்க மாட்டார்கள். இடம் மாற்றத்தான் அது. 17 தொன்னை ஒரே துண்டாக இழுக்கும் வண்டிலும் பாலமும் அந்தக் காலத்தில் எங்கே இருந்தன? 1866இல் சுல்தான் அப்துல் அஸீஸ் அதை விக்டோரியா மகாராணிக்கு அன்பளிப்புச் செய்தார். இன்று அது இங்கிலாந்தின் ஹம்ஷயரில் நெல்சன் கோட்டையில் கிடக்கிறது. வார்த்தவரின் பெயர் எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருப்பதால்தான் முனீர் அலியை இன்றும் எங்களுக்குத் தெரிகிறது.

அறுபது வருடம் கழித்து அதே உபாயம் ஆக்ராவில் தலைகாட்டுகிறது. 1526 ஒக்டோபரில் பாபரின் உஸ்தாது அலி குலி ஒரு பெரிய குழல் வார்த்தார். சுற்றிவர எட்டு உலைகள். உருகிய உலோகம் வாய்க்காலில் ஓடுகிறது. அச்சு நிரம்புமுன்னே ஓட்டம் நின்றுவிட்டது. மனிதர் அந்த உருகிய செம்புக்குள்ளேயே பாயத் துணிந்தாராம். பாபர் அவரைத் தேற்றி, மேலங்கி அணிவித்து, வெட்கத்திலிருந்து மீட்டதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். அச்சு ஆறியபின் திறந்து பார்த்தால் கல்லுக்குண்டு போகும் பாகம் பழுதில்லாமல் வந்திருந்தது. மருந்தறை தனித் துண்டு. அதை வார்ப்பது சுலபம் என்று உஸ்தாது சந்தோஷத்தோடு சொல்லியனுப்பினார். அடுத்த வருடம் பெப்ரவரியில் அதைச் சுட்டபோது கல் 1600 எட்டுத் தூரம் போனது. இரண்டு துண்டாகச் செய்யும் வழக்கம் இல்லாவிட்டால் அன்றைய உலோகம் முழுவதும் வீண்; உஸ்தாதின் மானமும் போயிருக்கும். அரசர்கள் எழுதிய நூல்களில் ஒரு தொழிலாளியின் பதற்றம் இவ்வளவு கிட்டத்தில் தெரியும் இடம் வேறெங்கும் நான் கண்டதில்லை.

பாபரின் பேரன் அக்பரின் காலத்துக்கு வந்தால் விபரம் கொட்டிக் கிடக்கிறது. அபுல் ஃபஸ்ல் எழுதிய ஆயினே அக்பரியில் பீரங்கிக்கு ஒரு அதிகாரம், கைத்துவக்குக்கு ஒரு அதிகாரம். பீரங்கி அதிகாரத்தில் எங்கள் விஷயம் நேராகவே வருகிறது. பயணத்தில் லேசாகக் கழற்றிக் கொண்டுபோய், தேவைப்படும்போது சரியாகப் பூட்டக்கூடிய ஒரு பீரங்கியைப் பாதுஷா செய்வித்தார் என்கிறார். ஒரே திரியில் பதினேழு குழல்கள் வெடிக்கும்படி இணைத்த ஒன்று, ஒரு யானை சுமக்கும் கஜ்நால், ஒரு ஆள் சுமக்கும் நர்நால் என்று வரிசை போகிறது. கவனியுங்கள்: கஜம் யானை, நர் மனிதன். சாமானுக்குப் பெயரே சுமப்பவரை வைத்துத்தான். எவ்வளவு தூரம் சுடும் என்பது பெயரில் இல்லை.

கைத்துவக்கு அதிகாரம் இன்னும் ருசியானது. முன்பெல்லாம் இரும்புத் தகட்டை வளைத்து விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டுவார்களாம். அப்படிச் செய்த குழலில் கால்பங்குக்கு மேல் மருந்து போட்டால் வெடித்து, சுட்டவரையே கொல்லும். புதிய முறையில் தகட்டைச் சரிவாகச் சுருட்டி, ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்றுப் படிய வைத்து, படிப்படியாகச் சூடேற்றி அடித்தார்கள். வாய்வரை மருந்து நிரப்பினாலும் குழல் தாங்கியது. குழல் தாங்கினால்தான் அதை மெல்லியதாக்கலாம், மெல்லியதானால்தான் ஒருவன் நாள்முழுக்கச் சுமக்கலாம். பதினாறு குழல்களை ஒரே நேரத்தில் சுத்தம் செய்யும் சக்கரம் ஒன்றும் இருந்தது. அதைச் சுற்றியது மாடு.

செய்து முடித்த குழலை எப்படிச் சோதித்தார்கள் என்பதையும் எழுதிவைத்திருக்கிறார். அடி இன்னும் அடைபடாத குழலில் இரும்பின் அளவையும் நீளத்தையும் இலக்கத்தில் பொறிப்பார்கள். அடியை அடைத்தபின் ஒரு பழைய கட்டையில் பொருத்தி, மூன்றிலொரு பங்கு மருந்து போட்டுச் சுடுவார்கள். கசிவு இல்லையென்றால் அடுத்த கட்டம். குண்டு நேரே போகாவிட்டால் குழலைச் சூடாக்கி உள்ளே மரத்தடி விட்டு நிமிர்த்துவார்கள். கடைசியாகத்தான் கட்டையின் மரமும் வடிவமும் முடிவாகும். பழைய கட்டையில் சோதித்துப் புதிய கட்டைக்கு மாற்றும் இந்த வழக்கத்தைச் சாதாரணமாக வாசித்துத் தாண்டிவிடக் கூடாது. குழலும் கட்டையும் வேறு வேறு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழற்றலாம். ஒரு கட்டை பல குழல்களுக்குப் பொருந்தும். பதினாறாம் நூற்றாண்டுப் பட்டறையில் அது சின்ன விஷயமில்லை.

முடிந்த துவக்கில் பொறிக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பச்சை இரும்பின் பாரம், செய்து முடித்த பாரம், இரும்பு வந்த இடம், செய்த ஆளின் பெயர், செய்த ஊர், திகதி, இலக்கம். செய்த ஆளின் பெயர்! ஆனால் நூலில் உஸ்தாதுகள் என்று பெயர் சொல்லப்படுவோர் கபீர், ஹுஸைன் என்ற இருவர்தாம். மற்றபடி கண்டுபிடிப்புகள் எல்லாம் பாதுஷாவின் கூர்மதியால் விளைந்தவை. இது அபுல் ஃபஸ்லின் உத்தியோகம். அரசவைக் கணக்கப்பிள்ளை வேறென்ன எழுதுவார்? பிற்காலத்தார் பலர் இவற்றில் சிலதை ஃபத்ஹுல்லாஹ் ஷீராஸிக்கு உரியதாக்குகிறார்கள். பீஜப்பூரிலிருந்து 1583இல் அக்பரிடம் வந்து 1589இல் காலமான பேரறிஞர் அவர். அக்பருக்குத் துவக்கில் பைத்தியம் இருந்தது உண்மை. சங்க்ராம் என்று பெயரிட்ட தன் துவக்கால்தான் சித்தூர் முற்றுகையில் ஜெய்மலைச் சுட்டார். ஆனால் இரும்புத் தகட்டைச் சரிவாகச் சுருட்டினால் குழல் தாங்கும் என்பது அரியணையில் இருந்து வரும் அறிவல்ல. கைகளில் தீக்காயம் பட்டவனுக்குத்தான் அது தெரியவரும். பாதுஷாவிடமிருந்து பறித்து ஷீராஸியிடம் கொடுப்பதால் மட்டும் நீதி நடந்துவிடாது என்பது என் எண்ணம். இருவருமே உலையடியில் நின்று சம்மட்டி பிடித்தவர்களல்லர்.

திருகைப் பற்றி ஒரு ஜப்பானியக் கதையும் சொல்ல வேண்டும். 1543இல் தனேகஷிமா தீவில் போர்த்துக்கேயர் இறங்கியபோது அவர்களின் துவக்கைத் தீவின் தலைவர் வாங்கி, அதேபோல் செய்யச் சொல்லித் தன் கொல்லரிடம் கொடுத்தார். குழலை அடித்துவிட்டார்கள், அடியை அடைக்கும் திருகைச் செய்ய வழி தெரியவில்லை. அந்த வித்தையைப் பெறக் கொல்லர் தன் மகளையே பறங்கிக்குக் கட்டிக்கொடுத்தார் என்று அத்தீவில் சொல்கிறார்கள். கர்ணபரம்பரைக் கதைதான். ஆனாலும் திருகு ஏன் அவ்வளவு விலைபோனது என்பது தெளிவு. அடி திருகால் பூட்டியிருந்தால் கழற்றிக் குழலைப் பின்பக்கமாகச் சுத்தம் செய்யலாம். ஒட்டி அடைத்துவிட்டால் உள்ளே சேரும் கரி சேர்ந்ததுதான். ஒருநாள் குழல் வெடிக்கும்.

அதே போர்த்துக்கேயர் அதற்கு முன்னமே இலங்கைக்கு வந்துவிட்டார்கள். அவர்களின் கப்பல் விளிம்புகளில் பெர்ஸோ என்ற சிறு சுழல்பீரங்கிகள் இருந்தன. மருந்தறை ஒரு குவளை போலத் தனியாகக் கழரும். பல குவளைகளை முன்னமே நிரப்பி வைத்துக்கொண்டு ஒன்று முடிய மற்றதைச் செருகுவார்கள். உதையைக் கப்பலின் மரம் வாங்கிக்கொள்ளும். கழற்றுவதும் உதை தாங்குவதும் ஒரே சாமானில் சேர்ந்திருந்தன. இவற்றுக்கு எதிரே கடலில் நின்றவர்கள் எங்கள் மரைக்காயர்கள். சீதாவாக்கை மாயாதுன்னைக்கு உதவியாகக் கோழிக்கோட்டுச் சாமூதிரி அனுப்பிய படைகளில் குஞ்ஞாலி மரைக்காயரும் அலி இப்ராஹீம் மரைக்காயரும் போன்றோர் வந்தார்கள். 1538இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் அவர்களின் கப்பற்படை முறிந்தது. அடுத்த வருடம் போர்த்துக்கேயருடன் சமாதானம் செய்யும் விலையாக, தன்னிடம் அடைக்கலமாயிருந்த மரைக்காயர் தலைவர்களின் தலைகளை மாயாதுன்னை கொடுத்தான். ஷைகு ஸைனுத்தீன் மக்தூமின் துஹ்ஃபத்துல் முஜாஹிதீனும் இலங்கை அரசனின் இந்தத் துரோகத்தைக் குறிக்கிறது. துவக்கோடு வந்த உதவியாளர் தேவை முடிந்ததும் என்ன ஆவார் என்பதற்கு எங்கள் தீவில் இதுவே பழைய உதாரணம். பாடப்புத்தகங்களில் மாயாதுன்னையின் வீரம் வரும், இது வராது.

ஆனால் அந்த நூற்றாண்டு முடியுமுன்னே சிங்களக் கொல்லர்கள் ஆசான்களை மிஞ்சிவிட்டார்கள். ஒல்லாந்துப் பயணி லின்ஸ்கொட்டன் அவர்களின் குழல்களின் அழகையும் வெள்ளிபோன்ற பளபளப்பையும் வியக்கிறார். கோவாவில் இருந்து வரலாறு எழுதிய தியோகோ தோ கூத்தோ, கீழைநாடுகளிலேயே சிறந்த துவக்குகள் இவர்களுடையவை என்கிறார். எதிரி சொன்ன சாட்சியம். அதனால் பெறுமதி அதிகம். திடீரென்று வந்த திறமையல்ல அது. சமனலவெவப் பக்கம் மலைச்சரிவில் பருவக்காற்றையே துருத்தியாக வைத்து 7ஆம் நூற்றாண்டிலிருந்தே இரும்பு உருக்கிய உலைகளை அகழ்ந்து கண்டிருக்கிறார்கள். கண்டித் துவக்கைக் கொழும்பு நூதனசாலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நீண்ட பாரமான குழல், விசைப்பூட்டு இடப்பக்கத்தில், பின்கட்டை இரண்டாகப் பிரிந்து கீழ்நோக்கி வளைந்திருக்கும். அந்தக் குழலின் பாரமே பாதி உதையைத் தின்றுவிடும்.

கண்டியின் அசல் கெட்டித்தனம் கொடிதுவக்கில் இருக்கிறது. பத்திரிகையில் கொடிதுவக்கு என்ற குடும்பப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். கண்டி அரசில் அந்தப் பெயரில் ஒரு தனித் திணைக்களமே இருந்தது. அதற்கு லேகம் ஒருவர் பொறுப்பு. கொடிதுவக்கு என்பது மூன்று கால்களில் நிற்கும் சிறு பீரங்கி. சக்கரம் இல்லை. பூச்சிபோல் நிற்கும் அதை ஆங்கிலேயர் வெட்டுக்கிளி என்றே அழைத்தார்கள். ஏன் சக்கரம் இல்லை என்று கேட்டால் பதில் பாதையில் இருக்கிறது. கண்டியில் பத்தொன்பது வருடம் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், ஒருவர்பின் ஒருவராகத்தான் நடக்கக்கூடிய ஒற்றையடிப் பாதைகளையும் அவற்றை மறித்த முட்கடவைகளையும் விவரிக்கிறார். பாதையை அகலமாக்காமல் விட்டது அரசனின் திட்டம், பாதைதான் கோட்டை. அப்படிப்பட்ட நாட்டில் சக்கரப் பீரங்கி எதிரிக்குத்தான் தலையிடி. ஆள் தோளில் தூக்கிப்போய்ப் பாறை மறைவில் ஊன்றிச் சுட்டுவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டு ஓடும் பீரங்கிதான் வேண்டும். உதை கால்வழியே மண்ணுக்குப் போகும். வடக்கே ஆப்கானியரும் மொகலாயரும் ஒட்டகத்தின் முதுகில் சம்பூரக் என்ற சுழல்துவக்கை ஏற்றி, ஒட்டகத்தை முழங்காலில் இருத்திச் சுட்டார்கள். அங்கே உதையை வாங்கியது ஒட்டகம், பாவம். கண்டியில் மண்.

இந்தக் கொடிதுவக்குகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எல்லோரும் பேசுவது லெவ்கே திசாவையின் பீரங்கியைப் பற்றி. 1745 அளவில் அரசனுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டு, 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது கொண்டுபோகப்பட்டு, அம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருந்து 2023 டிசம்பரில் திரும்பி வந்தது அது. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த அழகிய பொருள். திரும்பி வந்தது நியாயம், எனக்கும் சந்தோஷம். ஆனால் யுத்தத்தை நடத்தியது மாணிக்கம் பதித்த பீரங்கியல்ல.

வன்னிக்கு வருவோம். 1803 ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். ஒக்டோபர் 31இல் லெப்டினன்ட் வொன் டிறிபேர்க் கற்சிலைமடுவில் அவனை முறியடித்தார். இதை நாங்கள் வருடாவருடம் படிப்பிக்கிறோம். அதே வருடம் கண்டியில் பிரித்தானியப் படை அழிந்தபோது மலாய்ப் படைப்பிரிவின் கப்டன் நூருத்தீன் அரசனின் சேவையில் சேர மறுத்துக் கொல்லப்பட்டார். அவருடைய சொந்தச் சகோதரன் அரசனின் பக்கம் நின்றவர். துவக்கின் இரண்டு முனையிலும் முஸ்லிம்கள் நின்ற வருடம் அது என்று யாரும் படிப்பிப்பதில்லை. காடும் சேறும் நிறைந்த பாதைகளில் பிரித்தானியரின் பீரங்கிகளை இழுக்கவும் தூக்கவும் கன் லஸ்கர் என்று ஒரு படையே இலங்கையில் இருந்தது. படை என்று பொருள்படும் லஷ்கர் என்ற பாரசீகச் சொல், கடைசியில் பீரங்கி இழுக்கும் கூலியாளின் பெயராக இறங்கிப்போனது. சொற்களுக்கும் பதவியிறக்கம் உண்டு.

ஆங்கிலேயர் பாடம் படித்தார்கள். 1879இல் இந்திய எல்லைப்புற மலைகளுக்காக அவர்கள் கொண்டுவந்த இரண்டரை அங்குலப் பீரங்கியின் குழல் இரண்டு பாதி, நடுவில் திருகு, ஒவ்வொரு பாதியும் 90 கிலோ அளவு, ஒரு கோவேறு கழுதையின் சுமை. கிப்ளிங் அதைப் பற்றிப் பாட்டே எழுதினார். மலைப் பீரங்கிப் படைகளில் அந்தத் திருகைப் பூட்டிக் கழற்றியவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபி முஸ்லிம்களும் சீக்கியரும். முனீர் அலியின் திருகு நானூறு வருடம் கழித்துக் கழுதை முதுகில் ஏறியது என்று சொன்னால், நேரடி வம்சம் என்று நான் காட்டுவதாக எடுக்க வேண்டாம். ஒரே தொல்லைக்கு ஒரே விடை இரண்டு முறை கிடைத்திருக்கிறது. உதைப் பிரச்சினைக்கு 1897இல் பிரெஞ்சுக்காரரின் 75 மில்லிமீற்றர் பீரங்கி முடிவு கட்டியது. குழல் மட்டும் பின்னே வழுக்கும், எண்ணெயும் அழுத்திய காற்றும் அதை வாங்கி மறுபடி முன்னே தள்ளும், வண்டில் அசையாது. குறியை ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டாம் என்பதால் நிமிடத்துக்குப் பதினைந்து வெடி. பதினேழு வருடம் கழித்து ஐரோப்பாவின் இளைஞர்கள் அதன் விலையைக் கொடுத்தார்கள். உதை சுடுபவனுக்கு ஒரு தடையாகவும் இருந்தது; தடை போனதும் என்ன நடக்கும் என்பது அங்கே தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் உதையும் கழற்றலும் நூலறிவு அல்ல. இடியன் துவக்கு என்றால் இங்கே வயதானவர்களுக்குத் தெரியும். வாய்வழி மருந்து போட்டு இடித்து அடைப்பதால் இடியன். பன்றிக்கும் யானைக்கும் எதிராகச் சேனையைக் காத்த ஏழையின் ஆயுதம். சட்டத்தின் கண்ணில் அன்றும் இன்றும் குற்றம். வசதியுள்ள கமக்காரர் அனுமதிப்பத்திரம் எடுத்துச் சொட்கன் வைத்திருந்தார்கள். நடுவே முறியும் அது குழல், முன்கட்டை, பின்கட்டை என மூன்றாகக் கழர்ந்து உரைப்பைக்குள் அடங்கிவிடும். எண்பதுகளில் அந்தச் சொட்கன்களை ஒருவர் பின் ஒருவராக வந்து வாங்கிப் போனார்கள். பிறகு வந்த துவக்குகளைக் காவலுக்கு என்று யாரும் சொல்லவில்லை. 1990 ஒக்டோபரில் மன்னார்ப் பக்கத்து எங்கள் ஊரை விட்டுப் போகச் சொல்ல வந்தவர்களில் ஒருவன் எங்கள் வாசலில் நின்றான். எனக்குப் பதினொரு வயது. அவனுக்குப் பதினேழு இருந்தால் கூட. துவக்கின் பட்டி உரஞ்சி உரஞ்சி அவன் தோளில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. உதை வாங்கிய தோள் என்று இப்போது எழுதுகிறேன். அன்று எனக்கு அந்தத் தோளைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்கப் பயமாயிருந்தது.

இந்தக் கட்டுரைக்காகப் பூவரசங்குளத்துக்கு அங்கால் ஒரு வயோதிபரைப் போய்க் கண்டேன். இந்துத் தமிழர், எண்பது தாண்டியவர், ஒரு காலத்தில் இடியனோடு காட்டில் திரிந்தவர். உதையைப் பற்றிக் கேட்டதும் சட்டையை விலக்கி வலத்தோளைக் காட்டினார். "சாரத்தை நாலா மடிச்சுத் தோளில வைச்சிட்டுத்தான் மாஸ்டர் சுடுறது. மருந்தைக் கூடப் போட்டால் அதுவும் சரிவராது. ஆளே மல்லாந்து போவான்." கழற்றுவீர்களா என்றேன். சிரித்தார். "கழட்டாமல்? குழல் வளைக்குள்ள, கட்டை நெல்லுக்க, விசை மனுசியின்ர பெட்டியில. மூண்டையும் ஒண்டாக் கண்டவன் ஊரில ஒருத்தனும் இல்லை." ஆயினே அக்பரியின் அந்தப் பட்டியலைச் சொல்லி, உங்கள் குழலில் ஏதாவது எழுதியிருந்ததா என்று கேட்டேன். எழுத்து ஒன்றுமில்லை என்றார். செய்த கொல்லரின் பெயரை மட்டும் யோசிக்காமல் சொன்னார். தகப்பன் பெயரையும் ஊரையும் சேர்த்து, எந்த வருடம் என்றும் சொன்னார். நான்கையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்னும் அதே ஊரில் பட்டறை வைத்திருப்பதால், சட்டத்தை யோசித்து இங்கே அச்சுக்குக் கொடுக்கவில்லை.